கையடக்க கன்சோலில் சின்ன டன்ஜன் விளையாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் நின்டெண்டோ கம்பெனியின் கையடக்க கன்சோல்களான ஒரு பழைய கேம் பாயும் ஒரு ஸ்விட்ச் லைட்டும் கை மாறிக்கொண்டே இருக்கும். அக்கா பிள்ளைகள், எதிர்வீட்டுப் பையன்கள், சில நேரம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடும் அப்பாக்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று இது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

மாமா, டன்ஜன் டன்ஜன்னு சொல்றீங்களே, அப்படின்னா என்ன?

வேலூர்ப் பிள்ளைக்கு இதை விளக்குவது சுலபம். நம்ம கோட்டையை நினைத்துக்கொள். சுற்றிலும் அகழி, உள்ளே போக ஒரே வாசல், உள்ளே போனால் எந்தக் கட்டடம் எதற்கு என்று சட்டென்று பிடிபடாது. அங்கிருந்து விரிஞ்சிபுரம் வரை சுரங்கப்பாதை போகிறது என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்தச் சுரங்கத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை, ஆனால் பார்த்தவரைத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார். அந்தச் சுரங்கம் நிஜமாகவே இருந்து, அதில் அறை அறையாகப் பிரிந்து, ஓர் அறையின் சாவி இன்னோர் அறையில் கிடந்து, நடுவில் எலும்புக்கூடும் வௌவாலும் காவல் இருந்தால் அதுதான் டன்ஜன். கடைசி அறையில் ஒரு பெரிய பூதம் இருக்கும். அதை ஜெயித்தால் நீ தேடி வந்த பொருள் கிடைக்கும்.

இந்த வகை கம்ப்யூட்டரில் பிறந்ததல்ல. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பது காகிதம், பென்சில், தாயக்கட்டை வைத்து நண்பர்கள் கூடி ஆடும் விளையாட்டு. 1980இல் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் ‘ரோக்’ வந்தது. அதில் படமே கிடையாது. ஆட்டக்காரர் ஒரு @ குறி, எதிரிகள் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். ஒவ்வொரு முறை ஆடும்போதும் குகை புதிதாக அமையும், செத்தால் முதலிலிருந்துதான். இன்றைக்குக் கையில் வைத்து ஆடுகிற பாதி விளையாட்டுகளுக்கு இது தாத்தா.

சின்ன விளையாட்டுதான் வேணும்னு ஏன் சொல்றீங்க? பெருசுல என்ன குறை?

குறை ஒன்றும் இல்லை. நூறு மணி நேரம் போகும் விளையாட்டுகள் இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் நூறில் எழுபது மணி நேரம் நடப்பது, பொறுக்குவது, கணக்கு பார்ப்பது. சின்ன விளையாட்டில் அந்த இடம் கிடையாது. ஓர் அறையை வைத்தால் அதற்கு ஒரு காரணம் வைத்துத்தான் ஆகவேண்டும். ஒரு சுவரில் விரிசல் போட்டிருந்தால் அது அழகுக்குப் போட்டதில்லை.

அதனால்தான் புதிதாக வருபவர்களுக்குச் சின்னதைக் கொடுக்கிறேன். டன்ஜன் விளையாட்டு விரல் வேகத்தில் ஜெயிப்பதல்ல, கண்ணால் ஜெயிப்பது. அறைக்குள் நுழைந்ததும் நின்று பார்க்கிறவனுக்கு முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். இந்தப் பழக்கம் சின்ன விளையாட்டில் சீக்கிரம் வரும்.

எதுல ஆரம்பிக்கலாம்?

மூன்று சொல்கிறேன்.

முதலாவது ‘மினிட்’. 2018இல் வந்தது, ஸ்விட்சில் கிடைக்கிறது. கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான் நிறம். கடற்கரையில் ஒரு கத்தியை எடுக்கிறாய், அது சாபம் பிடித்த கத்தி. அதை எடுத்த பிறகு உனக்கு ஆயுள் 60 விநாடி. செத்ததும் வீட்டில் விழிப்பாய், மறுபடியும் 60 விநாடி. கையில் சேர்த்த பொருள் மட்டும் அப்படியே இருக்கும். கேட்டால் அநியாயமாகத் தோன்றும், ஆடினால் தெரியும், எவ்வளவு கச்சிதமாக யோசித்திருக்கிறார்கள் என்று. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் நிற்பார். அவர் பேசுவது எழுத்து எழுத்தாக வரும். அவர் வாக்கியம் முடிவதற்குள் உன் உயிர் போய்விடும் போல இருக்கும். பொறுமையாக நின்று கேட்க வேண்டும், அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. காபி குடித்தால்தான் பெட்டியைத் தள்ளத் தெம்பு வரும் என்பதும் இதில்தான். எங்கள் அப்பா பார்த்த ஒரே வீடியோ கேம் இது. அந்தக் காபிக்காகவே மரியாதை கொடுத்தார். மொத்தக் கதையும் இரண்டு மணி நேரம் பக்கம் முடிந்துவிடும்.

இரண்டாவது ‘கேவ் நுவார்’. கோனாமி 1991இல் கேம் பாய்க்கு ஜப்பானில் மட்டும் வெளியிட்டது. இதில் கதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, நான்கு வேலைகள் இருக்கின்றன: இத்தனை பூதத்தைக் கொல், இவ்வளவு பொன் சேர், உருண்டைகளை எடு, அடைபட்ட தேவதைகளை விடுவி. எண்ணிக்கை ஆனதும் வெளியேறும் வழியைப் பிடித்துவிட்டால் ஜெயித்தாய். ஒரு சுற்றுக்குச் சில நிமிடம்தான். நீ ஓர் அடி வைத்தால் எதிரியும் ஓர் அடி வைக்கும், நீ நின்றால் உலகமே நிற்கும். ஒவ்வொரு பூதமும் ஒவ்வொரு விதமாக நகரும். அதைக் கவனித்துவிட்டால் சண்டையே போடாமல் பக்கத்தில் நழுவிப் போய்விடலாம். சண்டையைத் தவிர்க்கிறவன்தான் இதில் கெட்டிக்காரன்.

மூன்றாவது, இதில் பெரியது, ‘ஜெல்டா: லிங்க்ஸ் அவேக்கனிங்’. 1993இல் கேம் பாயில் வந்தது, 1998இல் கலரில், 2019இல் ஸ்விட்சுக்காகப் புதிதாக வரைந்து மறுபடியும். எட்டு டன்ஜன்கள், ஒவ்வொன்றிலும் ஓர் இசைக்கருவி. முழுதாக முடிக்கப் பதினைந்து மணி நேரம் பக்கம் ஆகும் என்பதால் சின்னது என்று சொல்வதில் கொஞ்சம் பொய் இருக்கிறது. ஆனால் ஒரு டன்ஜனை ஒரு மதியத்தில் முடித்து மூடி வைக்கலாம். கீழே வரும் பதில்களில் உதாரணம் எல்லாம் பெரும்பாலும் இதிலிருந்துதான்.

எந்த மெஷின்ல ஆடறது?

கேம் பாய் 1989இல் வந்தது. 4 பென்சில் பேட்டரி, 160க்கு 144 புள்ளி உள்ள திரை, நான்கே சாயல், பின்னால் விளக்கு கிடையாது. பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும். வேலூரில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் இன்றைக்குப் புதிதாகத் தொடங்குபவர்கள் பழையதைத் தேடி அலைய வேண்டாம். ஸ்விட்ச் லைட் போதும். அதிலேயே ஆண்டுச் சந்தா கட்டினால் பழைய கேம் பாய் விளையாட்டுகளின் ஒரு தொகுப்பு வருகிறது; 2023 பிப்ரவரியில் அது தொடங்கியபோதே லிங்க்ஸ் அவேக்கனிங் கலர்ப் பதிப்பும் அதில் இருந்தது. காசு கொடுக்காமல் எங்கிருந்தாவது இறக்கிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். அது சட்டப்படி தப்பு, என்னிடம் அதற்கு வழி கேட்க வேண்டாம்.

சின்ன வயதில் பொருட்காட்சியில் வாங்கிய மஞ்சள் நிற ‘பிரிக் கேம்’ ஒன்று வீட்டில் கிடக்கிறது, அதில் ஆடலாமா என்று ஒரு மாமி கேட்டார். அதில் கட்டை அடுக்கலாம். டன்ஜன் வராது.

பூட்டின கதவு முன்னாடி நிக்கிறேன், சாவி எங்கேயுமே இல்ல. மாட்டிக்கிட்டேனா?

அநேகமாக இல்லை. ஜெல்டாவில் சின்னச் சாவிக்கு ‘இந்தக் கதவுக்கு மட்டும்’ என்ற கணக்கு கிடையாது. அந்த டன்ஜனில் எந்தச் சின்னச் சாவி கிடைத்தாலும் அங்கே உள்ள எந்தச் சின்னப் பூட்டையும் திறக்கும், திறந்ததும் தீர்ந்துபோகும். பூதத்தின் அறைக்கு மட்டும் தனிச் சாவி. ஆக உன் கையில் சாவி இல்லை என்றால், நீ இன்னும் பார்க்காத பெட்டி ஒன்று எங்கோ இருக்கிறது, அல்லது பார்த்தும் விட்டுவிட்ட அறை ஒன்று இருக்கிறது. இரண்டாவதுதான் அதிகம்.

விட்டுவிட்ட அறை என்றால் எப்படி? கதவு தானாகச் சாத்திக்கொண்ட அறையில் எதிரிகளை எல்லாம் அடித்து முடிக்காமல் வெளியே வர முடியாது, அது பிரச்சினை இல்லை. கதவு திறந்தே இருக்கும் அறையில்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். உள்ளே இரண்டு வௌவால், எதிர்ப்பக்கம் வாசல், ஓடிவிடுகிறார்கள். அந்த இரண்டையும் அடித்திருந்தால் சாவி மேலிருந்து விழுந்திருக்கும். இன்னொன்று, சுவர். கத்தியின் முனையால் சுவரைக் குத்திக்கொண்டே போ. உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தம் வேறு மாதிரி வரும். அங்கே ஒரு வெடியை வை. பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிற நம்ம ஆட்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம், நகர்த்தக்கூடிய கல். ஓர் அறையில் நான்கு கல் வரிசையாக இருந்து ஒன்று மட்டும் தனியாக நின்றால் அதைத் தள்ளிப் பார்.

எவ்வளவு அடிச்சாலும் இது சாகவே மாட்டேங்குது மாமா!

அப்படியென்றால் கத்தியால் சாகாத பிராணி அது. அதையே இன்னும் வேகமாக அடிப்பதில் பிரயோசனம் இல்லை.

முதல் டன்ஜனிலேயே முதுகெல்லாம் முள்ளாக ஒரு வண்டு வரும். கத்தி பட்டால் ‘டிங்’ என்று தெறிக்கும். கேடயத்தைப் பிடித்துக்கொண்டு அது மோதட்டும் என்று நில். மோதியதும் மல்லாக்க விழும். வயிற்றில் முள் இல்லை, அப்போது வெட்டு. அதே டன்ஜனின் கடைசிப் பூதம் ஒரு நீளமான புழு. தலையில் எத்தனை முறை அடித்தாலும் அதற்கு உறைக்காது, வாலில்தான் உயிர். அடி வாங்கியதும் கோபம் வந்து வேகமாக ஓடும். துரத்தாதே. அது உன்னைச் சுற்றி வரும்போது வால் தானாகப் பக்கத்தில் வரும்.

இரண்டாவது டன்ஜனில் ஓர் அறை இருக்கிறது, எங்கள் கூடத்தில் அதிகம் பேர் தலையைப் பிய்த்துக்கொள்வது அங்கேதான். உள்ளே மூன்று பிராணிகள்: காது நீண்ட முயல் மாதிரி ஒன்று, வௌவால் ஒன்று, எலும்புக்கூடு ஒன்று. மூன்றையும் கொன்றுவிடுவார்கள், ஒன்றும் நடக்காது. வெளியே போய் வந்தால் மூன்றும் மறுபடி இருக்கும். அக்கா பையன் நான்காவது வகுப்பு, அவனும் இப்படித்தான் கொன்றுகொண்டே இருந்தான்.

“டேய், வழியில ஆந்தைச் சிலை ஒண்ணு பாத்தியே, அது என்ன சொல்லிச்சு?”

“ஏதோ சொல்லிச்சு மாமா. நான் ஏ பட்டனை அழுத்திட்டேன்.”

“போய்க் கேட்டுட்டு வா.”

போய்க் கேட்டான். சிறைப்பட்டிருக்கும் முயலை முதலில், எலும்புக்கூட்டைக் கடைசியில் என்று சிலை சொல்கிறது. அப்படியானால் நடுவில் வௌவால். வரிசையைச் சரியாகச் சொல்லிவிட்டான், ஆனால் முயலைக் கத்தியால் குத்தினால் அது தள்ளிக்கொண்டு போகிறதே தவிர சாகவில்லை. அறையைப் பார்க்கச் சொன்னேன். ஓரத்தில் பானைகள். அதற்கு முன்பே அந்த டன்ஜனில் பானையைத் தூக்கும் காப்பு கிடைத்திருந்தது. ஒரு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பானையைத் தூக்கி முயல்மேல் எறிந்தான். அப்புறம் வௌவால், அப்புறம் எலும்புக்கூடு. பெட்டி தோன்றியபோது அவன் போட்ட கத்தலில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

விடையை நானே சொல்லியிருந்தால் அந்தக் கத்தல் வந்திருக்காது.

அப்போ யூட்யூப்ல பாக்கவே கூடாதா?

கூடாது என்று சட்டம் போட நான் யார். ஆனால் வீடியோ பார்ப்பவர்கள் சிக்கிய அறையோடு நிறுத்துவதில்லை, அடுத்த நாலு அறையையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறார்கள். சின்ன விளையாட்டில் நாலு அறை போனால் மிச்சம் என்ன இருக்கும்? மினிட்டை எல்லாம் பார்த்து ஆடுவது சுத்த வேஸ்ட்.

என் வழக்கம் இது: சிக்கினால் மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது. திரும்பி வந்தால் கண் வேறு இடத்தில் விழும். அதுவும் பலிக்கவில்லை என்றால் பக்கத்தில் இருக்கிறவரிடம் கொடுத்து, “இந்த அறையில உனக்கு என்ன தெரியுது?” என்று கேட்பது. விளையாடத் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. ஒருமுறை கேஸ் சிலிண்டர் போட வந்தவர் எட்டிப் பார்த்து, “அந்தப் பக்கத்துத் தரை மட்டும் ஏன்பா கலர் வேற மாதிரி இருக்கு?” என்றார். அதுதான் விடை.

மேப் வரையணுமா? அதான் கேம்லயே இருக்கே?

இருக்கிறது. டன்ஜனுக்குள் வரைபடத்தையும் திசைகாட்டியையும் கண்டெடுத்தால் அறைகளின் அமைப்பும் பெட்டிகள் இருக்கும் இடமும் தெரியும். ஆனாலும் வரையச் சொல்கிறேன். கேமின் வரைபடம் அறை எங்கே இருக்கிறது என்று சொல்லும், நீ அங்கே எதைச் செய்ய முடியாமல் திரும்பினாய் என்று சொல்லாது. நமக்கு வேண்டியது அதுதான்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று போதும். லிங்க்ஸ் அவேக்கனிங் டன்ஜன் எதுவானாலும் 8க்கு 8 கட்டத்துக்குள் அடங்கிவிடும், ஆகவே பக்கத்துக்கு நாலு டன்ஜன் போடலாம். ஓர் அறைக்கு ஒரு கட்டம். கதவு இருக்கும் பக்கத்தில் கோட்டில் சின்ன இடைவெளி விடு. பூட்டு இருந்தால் ‘பூ’. தாண்ட முடியாத பள்ளம் இருந்தால் ‘ப’. கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாத பெட்டிக்கு ஒரு நட்சத்திரம். விரிசல் விட்ட சுவருக்கு ஒரு மின்னல் கோடு. புதிதாக ஒரு பொருள் கிடைத்ததும் நோட்டைத் திற. முதல் டன்ஜனில் கிடைப்பது குதிக்க உதவும் இறகு. அது கிடைத்த நொடியில் நோட்டில் உள்ள ‘ப’ எல்லாம் வழியாக மாறிவிடும். அந்த இடங்களை நினைவில் வைத்திருக்கிறேன் என்று சொல்பவர்கள் எல்லோரும் அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு ரகசியம். கேம் பாய்த் திரையில் ஓர் அறை என்பது குறுக்கே 10, நெடுக்கே 8 சதுரம்தான். மேலே கீழே நகராது, அறைக்கு அறை திரை தாவும். ஓர் அறையை முழுதாக வரைய வேண்டுமானாலும் எண்பதே கட்டம். கல் தள்ளும் புதிரில் நான் அப்படி வரைந்து, புளியங்கொட்டையை வைத்து நகர்த்திப் பார்ப்பேன். பிள்ளைகளுக்கு இதுவே தனி விளையாட்டாகிவிடும்.

மினிட்டுக்கு மேப் வேண்டாம். ‘கேவ் நுவார்’ மாதிரி ஒவ்வொரு முறையும் குகை மாறுகிற விளையாட்டில் வரைந்து பயனில்லை. அங்கே எந்தப் பூதம் எப்படி நகரும் என்று ஒரு பட்டியல் எழுதிக்கொள்.

சேவ் பண்ணது போயிடுச்சு!

பழைய கேம் பாய்க் கேசட் என்றால் அதன் வயது காரணம். கேசட்டுக்குள் ஒரு நாணய பேட்டரி இருக்கிறது, அதன் தயவில்தான் நினைவு நிற்கிறது. இருபது வருடம் தாண்டியவை பல செத்துவிட்டன. பேட்டரியைப் பற்றவைத்து மாற்ற வேண்டும். சால்டரிங் தெரிந்த ரேடியோ, டிவி ரிப்பேர்க்காரர் யாரும் செய்வார், ஆனால் மாற்றும்போது பழைய சேவ் போய்விடும் என்று முன்கூட்டியே மனதைத் தேற்றிக்கொள்ளவும்.

பழைய லிங்க்ஸ் அவேக்கனிங்கில் சேவ் எங்கே என்று தேடுபவர்களுக்கு: ஏ, பி, ஸ்டார்ட், செலக்ட் நான்கையும் ஒன்றாக அழுத்து. டன்ஜனுக்குள் சேவ் செய்து நிறுத்தினால் அடுத்த முறை அதன் வாசலில் தொடங்கும், எடுத்த சாவியும் திறந்த கதவும் அப்படியே இருக்கும்.

கேசட்டை வாயால ஊதிப் போட்டா ஓடுமே?

ஓடும். ஊதியதால் அல்ல, எடுத்துத் திரும்பச் செருகியதால். ஊதும்போது எச்சில் ஈரம் செம்பில் பட்டு நாளடைவில் களிம்பு பிடிக்கும். மெடிக்கலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு போடவும்.

ஸ்விட்சின் கேசட் நகம் அளவுதான். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் பயப்படுவார்கள். அது வாயில் வைத்தால் தாங்க முடியாத கசப்பு, விழுங்கிவிடாமல் இருக்க வேண்டுமென்றே பூசியிருக்கிறார்கள். நிஜமா என்று நக்கிப் பார்க்காதவர் எங்கள் கூடத்தில் ஒருவரும் இல்லை. அதற்காகக் குழந்தை கைக்கு எட்டும்படி வைக்கவும் வேண்டாம்.

இங்கிலீஷ் சரியா வராது தம்பி, பையன் ஆடுவானா?

ஆடுவான். மினிட்டில் வாக்கியங்கள் குட்டிக் குட்டி. ஜெல்டாவில் கொஞ்சம் அதிகம், ஆனால் அவசரம் கிடையாது, பட்டனை அழுத்தும்வரை எழுத்து அங்கேயே நிற்கும். முதல் தடவை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னால் போதும். பிறகு அவனே எழுத்துக்கூட்டிப் படிப்பான், காரணம் சாவி வேண்டுமே.

கண்ணு கெட்டுடாதா? எவ்வளவு நேரம் விடலாம்?

ஒரு மணி நேரம் ஆடினால் 10 முதல் 15 நிமிடம் ஓய்வு எடுக்கச் சொல்லி நின்டெண்டோவே எழுதியிருக்கிறது. எனக்குத் தெரிந்த அம்மாக்கள் இதைவிடக் கறாரானவர்கள். நேரக் கணக்கைவிட டன்ஜன் கணக்கு நன்றாக வேலை செய்கிறது: “அஞ்சு நிமிஷத்துல வை” என்றால் சண்டைதான் வரும், “இந்த ரூம் முடிஞ்சதும் வை” என்றால் வைத்துவிடுகிறார்கள். செல்போனில் இறக்கிக்கொள்ளும் பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப் ஒன்றும் ஸ்விட்சுக்கு இருக்கிறது, நேரம் ஆனதும் திரையில் எச்சரிக்கை காட்டும். பளிச் பளிச்சென்ற வெளிச்சத்தில் வலிப்பு வரும் பிள்ளையானால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள், இதில் விளையாட்டு வேண்டாம்.

ரத்தம் தெறிக்கும் காட்சி எதுவும் நான் சொன்ன மூன்றிலும் இல்லை.

மே மாசம் மெஷின் கொதிக்குது, பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. ஸ்விட்ச் 5 முதல் 35 டிகிரி வரையிலான சூட்டில் இயங்குவதற்கென்று செய்தது. வேலூரில் மே மாதம் 40ஐத் தாண்டும். நம்ம ஊரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடி அறையில் சார்ஜ் போட்டபடியே ஆடுவது பேட்டரிக்குக் கொள்ளி வைப்பது. கீழே, ஃபேன் ஓடுகிற அறையில், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஆடவும். சூடாகிவிட்டது என்று ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. உள்ளே ஈரம் பூக்கும். இதை ஒரு பையன் நிஜமாகவே கேட்டான்.

காரிலோ ஸ்கூட்டர் டிக்கியிலோ விட்டுவிட்டு லாங் பஜாருக்குள் போகாதீர்கள். பரீட்சை என்று பீரோவில் பூட்டி வைக்கும் பெற்றோருக்கு ஒன்று: ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது எடுத்துச் சார்ஜ் போடவும், இல்லையென்றால் பேட்டரி உயிர் விட்டுவிடும்.

ரயில்ல ஆடலாமா?

இதற்கென்றே செய்தது போலத்தான் இருக்கிறது. காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் 130 கிலோமீட்டர், நல்ல வண்டியில் இரண்டு மணி நேரம். ஏலகிரி எக்ஸ்பிரஸில் உட்கார இடம் கிடைத்தால் மினிட் முழுதையும் முடிக்கலாம். நிற்கத்தான் இடம் என்றால் கேவ் நுவார். நீ அசையாதவரை அதில் எதுவும் அசையாது என்பதால் அரக்கோணத்தில் கூட்டம் இடித்தாலும் உயிர் போகாது. ஜெல்டாவின் பெரிய பூதத்தை வாலாஜா ரோடு தாண்டி ஆரம்பிக்காதே. ஹெட்போன் போட்டுக்கொள். அந்த இசை உனக்குத்தான் இனிமை, எதிர் சீட்டுப் பெரியவருக்கு அல்ல.

கடையில திருடலாமாமே?

யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ஆமாம், லிங்க்ஸ் அவேக்கனிங்கில் முடியும். கடைக்காரர் உன்னையே பார்த்துக்கொண்டிருப்பார். பொருளைத் தூக்கிக்கொண்டு அவரைச் சுற்றி ஓடினால் அவர் தலை திரும்புவதற்கு ஒரு கணம் பிந்தும், அப்போது வாசலைத் தாண்டிவிடலாம். வில் ஒன்று 980 ரூபி (அந்த விளையாட்டுக்குள் காசு) விலை, ஆகவே ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அதன்பிறகு ஊரில் எல்லோரும் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், ‘திருடன்’ என்றுதான் கூப்பிடுவார்கள், கடைசிவரை. மறுபடி அந்தக் கடைக்குள் கால் வைத்தால் கடைக்காரர் ஒரே அடியில் கொன்றுவிடுவார். ஒரு பெண்பிள்ளை திருடிவிட்டு, விளையாட்டையே அழித்து முதலிலிருந்து ஆடினாள். கேட்டதற்கு, “என் பேரு வேணும் மாமா” என்றாள். ஆறு டன்ஜன் முடித்திருந்தாள்.

லீவு முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு எடுத்தேன், எங்க இருக்கேன்னே புரியல.

நோட்டு இருக்கிறதா? இருந்தால் கடைசிப் பக்கத்தில் நட்சத்திரம் போட்ட இடத்துக்குப் போ. இல்லையென்றால், கையில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று முதலில் பார். கடைசியாகக் கிடைத்த பொருளால் எதைச் செய்யலாம் என்று யோசி, அதைச் செய்ய முடியாமல் நின்ற இடம் ஒன்று ஞாபகம் வரும். ஜெல்டா என்றால் கிராமத்தில் தொலைபேசிக் குடிசை ஒன்று இருக்கிறது, உள்ளே போய்ப் போனை எடுத்தால் ஒரு தாத்தா அடுத்து எங்கே போகலாம் என்று கோடி காட்டுவார். நேரில் பார்த்தால் கூச்சப்பட்டு முணுமுணுப்பார், போனில் மட்டும் நன்றாகப் பேசுவார். மினிட் என்றால் முதலிலிருந்தே ஆடிவிடு, தேடுகிற நேரத்தில் பாதி முடிந்துவிடும்.